மணி அடிக்காத வரம்

அவளுக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். மற்ற நாட்களில் அவள் நந்தி.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் பால்நிறக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், முதுகு சாய்க்க இடமில்லாத ஓர் இரும்பு ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருப்பாள். அகன்ற தோள், கனத்த கழுத்து, சிரிப்பு வந்தாலும் வெளியே காட்டாத முகம். என்றைக்கோ ஒரு நோயாளியின் மச்சான், கதவு திறந்த சமயத்தில் உள்ளே எட்டிப் பார்க்க முயன்று தோற்றுப்போய், "எப்பப் பாரு நந்தி மாதிரி குறுக்க உக்காந்துக்கிட்டு!" என்று எரிந்து விழுந்தான். அவன் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டான். பெயர் இங்கேயே தங்கிவிட்டது. நர்ஸுகள் நந்தியக்கா என்றார்கள். சலவைத் துணி கொண்டுவருகிறவன் நந்தியம்மா என்றான். ஆரம்பத்தில் சுருக்கென்று இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்வது, கூப்பிட்டால் திரும்பித்தானே ஆகவேண்டும்?

பெயர் பொருத்தமாகவும் இருந்தது. நந்தியின் காதில் குனிந்து சொன்னால் விஷயம் உள்ளே இருப்பவருக்குப் போய்ச் சேரும் என்று ஒரு நம்பிக்கை உண்டல்லவா? இவள் காதிலும் நாள் முழுக்க யாராவது குனிந்துகொண்டேதான் இருந்தார்கள். "அம்மா, அவருக்குப் போர்வை இழுத்து விடணும், இல்லேன்னா தூங்கமாட்டார்." "அக்கா, அவளுக்கு இடது காது கேக்காது, வலது பக்கமா நின்னு பேசச் சொல்லுங்க." "பேரன் பாஸ் பண்ணிட்டான்னு மட்டும் சொல்லிடும்மா, சந்தோஷப்படுவார்." எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொள்வாள். நர்ஸு வெளியே வரும்போது ஒன்றுவிடாமல் சொல்லுவாள். அதில் எத்தனை உள்ளே போய்ச் சேர்ந்ததோ, அதை அவள் பார்த்ததில்லை. அவளுடைய இடம் வாசல்.

இந்த இடம் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும். கல்யாணமாகிச் சில வருஷங்களில் அவள் புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த இடத்திலேயே சரிந்தான். தூக்கி வந்தவர்கள் பிழைக்கமாட்டான் என்றே தூக்கி வந்தார்கள். பெரிய டாக்டர் அப்போது பெரியவர் ஆகவில்லை. தலை நிறைய முடியோடு, சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, இரண்டு நாள் அந்தக் கட்டிலை விட்டு நகராமல் நின்றார். புருஷன் எழுந்து நடந்தான். அப்புறம் சில வருஷம் இருந்துவிட்டு, ஊர்முழுக்கப் பரவிய வேறு ஏதோ காய்ச்சலில் போனவர்களோடு போய்ச் சேர்ந்தான். அது வேறு கதை. அந்தச் சில வருஷங்கள் டாக்டர் கொடுத்தவை என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. தனியாளாக நின்றபோது கூப்பிட்டு இந்த ஸ்டூலைக் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் மாட்டியிருந்த சாமி படங்கள் ஒவ்வொன்றாக மங்கிப்போயின. அவள் மாற்றவில்லை. கும்பிட வேண்டிய முகத்தைத்தான் அவள் தினமும் நேரிலேயே பார்த்துக்கொண்டிருந்தாளே!

ஸ்டூலில் உட்கார்ந்த முதல் வாரம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. ஒரு விஷயம். உள்ள இருக்கறவங்களுக்கு நோய்த்தொற்று ஆகக் கூடாது. பார்வை நேரம் தவிர யாரையும் விடக் கூடாது. புரியுதா?"

"சரிங்க சார்."

"ஆனா எங்கிட்ட வந்து அழறாங்க. ஒரு தாயோட முகத்தைப் பார்த்து எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது? அவங்க உடைஞ்சு போயிடுவாங்க. நான் 'போய்ப் பாருங்க, வாசல்ல நான் சொன்னேன்னு சொல்லுங்க'ன்னுதான் சொல்லுவேன். அவங்க உங்ககிட்ட வருவாங்க."

"விட்டுடணுமா சார்?"

டாக்டர் சிரித்தார். அழகான சிரிப்பு. "நிஜமாவே விடணும்னா நானே உங்களுக்கு போன் பண்ணுவேன். சுவத்துல மாட்டியிருக்கே, அந்த போன். மணி அடிச்சா கதவைத் திறங்க. அடிக்கலேன்னா நீங்களா ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க. இது நமக்குள்ள."

நமக்குள்ள. அந்த ஒரு சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மனிதருக்கும் தனக்கும் நடுவில் ஒரு ரகசியம். இதைவிட என்ன வரம் வேண்டும்? அவர் முகம் கோணாமல் இருக்க, முடியாது என்கிற சொல்லை அவள் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கனமாகத்தான் இருந்தது. அவருக்காகச் சுமப்பது என்று நினைத்தபோது கனம் தெரியவில்லை.

வருஷங்கள் ஓடின. போன் சில பேருக்கு மணி அடித்தது. எந்தச் சில பேருக்கு என்பதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை என்று சொல்லமுடியாது. காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு அடித்தது. கூடவே ஆள் வைத்துக் குடை பிடிக்கவைப்பவர்களுக்கு அடித்தது. பேருந்தில் வந்து, செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கையில் தூக்கிக்கொண்டு நிற்பவர்களுக்கு அடிக்கவில்லை. டாக்டருக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பார் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள். பக்திக்கு இதுவும் ஒரு லட்சணம். சாமி செய்யாததற்கெல்லாம் பக்தனே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவான்.

மணி அடிக்காதவர்கள் அவளைத் திட்டினார்கள். கைநிறைய மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "உன் வீட்ல எழவு விழ" என்று ஒரு கிழவர் சொன்னார். "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்று ஒரு பெண் ஜாடை பேசினாள். இந்தப் பழமொழியை அவள் கேட்காத மாதம் கிடையாது. ஆளாளுக்கு அதைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லிவிட்டுப் போனார்கள். பூசாரியை வேலைக்கு வைத்தது யார் என்று மட்டும் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வீட்டில் அவளோடு இருந்தது தங்கை. தையல்காரி. ஊசி மாதிரியே வாய். அக்கா சாயங்காலம் வந்து கால்களை ஒரு பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், இவள் மெஷினை மிதித்துக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"என்ன நந்தி, இன்னிக்கு எத்தனை பேர் வயித்தெரிச்சல்?"

"போடி. காலே விட்டுப் போச்சு."

"காலு மட்டுமா? முகத்தைக் கண்ணாடியில பாரு. சின்ன வயசுல நீ சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரன் சுவர் ஏறிப் பாப்பான். இப்ப நீ பாத்தா சுவரே ரெண்டடி தள்ளி நிக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் சோர்வாக இருந்தது.

"நந்தி கதை தெரியுமாக்கா உனக்கு?" தங்கை நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். "சிலாதர்னு ஒரு முனிவர். தவமிருந்து பெத்த பிள்ளை இவன். பையனுக்கு ஆயுசு கம்மின்னு சொல்லிட்டாங்க. பையன் உக்காந்து தவம் பண்றான். சிவன் வந்து, 'உனக்குச் சாவே கிடையாது, போ, என் வாசல்ல உக்காரு'ன்னு வரம் கொடுத்தார்."

"நல்லதுதானே?"

"எது நல்லது? சாவே இல்லாத வாட்ச்மேன் வேலை! லீவு கிடையாது, ஓய்வு கிடையாது. உள்ள ஒரு வாட்டி வந்து உக்காருன்னு கூப்பிட்டதா எங்கயாவது கதை இருக்கா? இதுக்குப் பேர் வரம்னா தண்டனைக்கு என்ன பேர் வெக்கறது?"

"அவருக்கு அதுதான் சந்தோஷம். எந்நேரமும் சாமி முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கறது."

"இன்னொண்ணு கேளு. வெளிய நின்னு அழுத ஒரு ஏழை பக்தனுக்கு சாமி தெரியலையாம். நந்தி மறைக்குதாம். சாமி உடனே என்ன பண்ணினார்? மாட்டைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொன்னார். அடடா, என்ன கருணைன்னு ஊரே உருகிடுச்சு. ஏன்க்கா, அவனை வெளிய நிறுத்தினது மாடா? உள்ள வாடான்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? கதவு மூடினது மூடினபடி இருக்கு. பழி மாட்டு மேல, புகழ் சாமி மேல."

"எங்க டாக்டரைப் பத்தி ஜாடையா பேசாதே" என்றாள் அக்கா. கண்ணைத் திறக்கவில்லை.

"நான் மாட்டைப் பத்திப் பேசறேன்" என்றாள் தங்கை.

பெயின்டரின் மனைவி வந்தது அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு முற்பகலில். நாலு மாடிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போது சாரம் சரிந்து விழுந்தவன் அந்தப் பெயின்டர். மூன்றாம் நம்பர் படுக்கை. மனைவிக்கு வயது அதிகமில்லை. கால் நகத்தில்கூட வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. அவளும் அவனோடு சித்தாளாகப் போகிறவள்தான் போலிருக்கிறது.

"அக்கா, டாக்டர் ஐயா போய்ப் பாருன்னு சொன்னாரு. தோள்ல தட்டிக் கொடுத்து சொன்னாரு. வாசல்ல சொல்லச் சொன்னாரு."

நந்தி போனைப் பார்த்தாள். போன் சும்மா இருந்தது.

"சாயங்காலம் பார்வை நேரத்துல வாம்மா."

"அவரு கண்ணு முழிச்சிட்டாராம். என் பேரைச் சொன்னாராம். நர்ஸம்மா சொன்னாங்க."

"சாயங்காலம் வா. உள்ள இப்ப துடைக்கறாங்க."

துடைக்கவில்லை. அது அவள் கைவசம் வைத்திருந்த நாலைந்து சாக்குகளில் ஒன்று. பெயின்டரின் மனைவி வாதாடவில்லை. எதிர்ச்சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நந்தி மறுபடி ஒருமுறை போனைப் பார்த்தாள். இந்தத் தடவை அடித்துவிடக்கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

அடித்தது. "நம்ம ஜவுளிக்கடைக்காரர் வீட்டு ஆளுங்க வராங்க, ஒண்ணாம் நம்பருக்கு. விட்டுடுங்கம்மா" என்றது அந்த அழகான குரல். அவள் வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. மூன்று பேர் வந்தார்கள். கதவு திறந்தது. கையில் வாட்ச் கட்டிய ஒருவர் போன் பேசிக்கொண்டே உள்ளே போனார். பெயின்டரின் மனைவி அதைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் நந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பார்வை நேரம் வருவதற்குள் மூன்றாம் நம்பர் முடிந்துவிட்டது.

அப்புறம் நடந்தது எல்லா ஆஸ்பத்திரியிலும் நடப்பதுதான். அலறல். பெயின்டரோடு வேலை செய்தவர்கள் கீழே இருந்து படியேறி வந்தார்கள், சட்டையெல்லாம் சுண்ணாம்பு. "உயிரோட இருக்கும்போது பொண்டாட்டிய விடலையா? என்னடா ஆஸ்பத்திரி இது?" கண்ணாடிக் கதவில் ஒருவன் கையால் ஓங்கி அடித்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெரிய டாக்டர் வந்தார். பெயின்டரின் மனைவிக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார். அவர் வயதுக்கு அது பெரிய காரியம். கூட்டம் அமைதியாகிவிட்டது.

"நான் உன்னைப் போய்ப் பாருன்னு சொன்னேனேம்மா. சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கய்யா."

டாக்டர் தலையைத் தூக்கினார். "யாரு தடுத்தது?"

யாரும் பதில் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எல்லாத் தலையும் ஸ்டூலின் பக்கம் திரும்பியது. நந்தி எழுந்து நின்றாள். டாக்டரின் கண்ணைத் தேடினாள். ஒரு பார்வை போதும், 'நமக்குள்ள' என்கிற அந்தப் பழைய பார்வை. அது கிடைத்திருந்தால் அத்தனை பேர் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். டாக்டர் அவளைப் பார்க்கவேயில்லை. "இத்தனை வருஷ அனுபவம் இருந்து என்ன பிரயோஜனம், மனிதாபிமானம் வேணாமா?" என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பேசும்போது பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பவர்.

"அந்தப் பொண்ணு நாளைக்கு சாமான் வாங்கிட்டுப் போக வருது. கூட வேலை செய்யறவங்களும் வருவாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லிடு. 'டாக்டர் விடச் சொன்னாரு, நான்தான் கேக்கலை, தப்பு என்னோடது'ன்னு. முடிஞ்சு போச்சு."

"டாக்டர் விடச் சொல்லலையே சார். போன் வரலை."

"போனா? என்ன போன்?" மேனேஜருக்கு நிஜமாகவே தெரியாது. அது அவர்களுக்குள் இருந்த விஷயமாயிற்றே. "இந்தாம்மா, பேச்சை வளர்க்காதே. ஆண்டு விழாவுல உனக்கு விருது சொல்லியிருக்கு. அர்ப்பணிப்புக்காக. டாக்டரே உன் பேரைச் சொன்னார். மன்னிப்புக் கேட்டா விருது, இல்லேன்னா வீடு. நீயே யோசிச்சுக்கோ."

யோசிக்க அவள் நேராக டாக்டரின் அறைக்குப் போனாள். உள்ளே விட்டார்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. ரொம்ப வருத்தமா இருக்கீங்களா?" அவர் எழுந்து வந்து நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். அந்த மரியாதையில் அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"சார், நீங்க போன் பண்ணினீங்களா? ஒருவேளை லைன் சரியில்லாம இருந்திருந்தா... அது மட்டும் தெரிஞ்சா போதும்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாதது அவரிடம் இருந்த நல்லது. "இல்லம்மா. பண்ணலை. அன்னிக்கு இருபது பேர் வந்தாங்க. எல்லாருக்கும் சொன்ன மாதிரிதான் அவளுக்கும் சொன்னேன்."

"அப்ப நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?"

"நீங்க ஒரு தப்பும் செய்யலை. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்." குரலைத் தாழ்த்தினார். "பாருங்கம்மா, இங்க வர்றவங்க பாதிப் பேர் என் மருந்தால பிழைக்கறதில்ல. என் மேல இருக்கற நம்பிக்கையால பிழைக்கறாங்க. அது போயிட்டா எத்தனை பேருக்கு நஷ்டம்? உங்க மேல யாருக்கும் நம்பிக்கை இல்ல. அதனால உங்களுக்கு ஒண்ணும் போகாது. நீங்க தாங்குவீங்க. இத்தனை நாளா தாங்கினீங்களே."

அவர் இதைக் கொடுமை என்று நினைத்துச் சொல்லவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார். காலம் காலமாகக் கீழே நிற்பவனிடம் மேலே இருப்பவன் சொல்லிவருவது இதுதான்: நீ தாங்குவாய். பாரம் ஏற்றுவதற்கு முன் மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுப்பதில்லையா, அந்த மாதிரி.

அன்று சாயங்காலம் தங்கை மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கதையையும் கேட்டாள். வழக்கம்போல் பாய்ந்து விழவில்லை. அதுவே அக்காவுக்குப் பயமாக இருந்தது.

"ஏன்டி பேசாம இருக்கே?"

"நான் என்ன சொல்ல? போய் மன்னிப்புக் கேளு. விருதுக் கோப்பையைக் கொண்டுவா, அதுல நூல்கண்டு வெச்சுக்கறேன்." துணியை மடித்து வைத்துவிட்டு, "உனக்கு என்னக்கா வேணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. அக்கா பலகையிலிருந்து காலை இறக்கி வைத்தாள். "அந்தப் பொண்ணு என்னைப் பத்தித் தப்பா நினைச்சுக்கிட்டு போகக் கூடாது. அவ்வளவுதான். மத்தவங்க நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். அவ திட்டவே இல்லடி."

மறுநாள் மேனேஜர் அறையில் பெயின்டரின் மனைவி ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் ஒரு சட்டை, ஒரு பெல்ட், ஒரு செல்போன். பின்னால் சுவரோரம் இரண்டு சுண்ணாம்புச் சட்டைகள். மேனேஜர் பேனாவைத் திறந்தார். "ம், சொல்லும்மா."

நந்தி அந்தப் பெண்ணுக்கு எதிரே வந்து நின்றாள். "அம்மாடி, உன்னை உள்ள விடாம வெச்சது நான்தான். கதவு என் கையில இருந்துச்சு. அதுக்கு என்னை மன்னிச்சுடு. ஆனா டாக்டர் விடச் சொல்லலை. அவர் எல்லார்கிட்டயும் போ போன்னு சொல்லுவார். எனக்கு போன் பண்ணினாத்தான் கதவு. உனக்கு அவர் பண்ணலை. நேத்து நானே நேர்ல கேட்டேன். பண்ணலைன்னு சொன்னார்."

மேனேஜரின் பேனா மூடாமல் நின்றது.

பெயின்டரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அழுது அழுது வீங்கிய கண். அதில் முதல்முறையாகக் கோபம் வந்தது.

"யாரு, அவரா? எங்க வீட்டுக்காரர் ஒடம்பு மேல கைய வெச்சு அழுதாரு அந்த மனுஷன். தரையில உக்காந்து என் கைய புடிச்சாரு. பெத்த அப்பன் அப்படிப் பண்ணமாட்டான். உன் பாவத்தைக் கொண்டுபோய் அவர் தலையில கட்டறியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் பொய் சொல்லலைம்மா."

"அவரு தெய்வம். நீதான்..." பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

நந்திக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். டாக்டரைப் பற்றித் தங்கை வாயைத் திறக்கும்போதெல்லாம் இவள் வைத்துக்கொண்ட அதே முகம். எல்லாம் பறிபோனவளிடம் ஒரு நல்லவர் மட்டும் மிச்சம் இருக்கிறார். அவரையும் பிடுங்கிக்கொண்டால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு படியிறங்குவாள்? ஏழைக்கு இந்த உலகம் உண்மையைக்கூட அவனால் வாங்கமுடியாத இடத்தில்தான் வைத்திருக்கிறது.

"நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார் மேனேஜர், அவர்கள் போனதும்.

"சரிங்க."

"இப்பவே எங்க கிளம்பறே? இன்னிக்கு வாசலுக்கு வேற ஆள் இல்ல. டூட்டி முடிச்சுட்டுப் போ."

துரத்தியடிக்கிற நாளிலும் முழுநாள் வேலை வாங்கிக்கொண்டுதான் துரத்துவார்கள். அவள் மாடியேறிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பில்லை. கால் கடுத்தது.

ஒரு கிழவி வந்தாள். ஏழாம் நம்பரின் தாய். மூச்சு வாங்கியது. "டாக்டர் தம்பி போய்ப் பாக்கச் சொல்லிச்சு தாயி. வாசல்ல சொல்லச் சொல்லிச்சு."

பழக்கத்தில் நந்தியின் கழுத்து போனின் பக்கம் திரும்பியது. போன் சும்மா இருந்தது. கழுத்து திரும்பிய இடத்திலேயே சற்று நின்றது.

டாக்டர் விடச் சொன்னார், நீ கேட்கவில்லை என்பதுதானே குற்றச்சாட்டு? நேற்று மேனேஜர், இன்று அந்தப் பெண், எல்லாரும் ஒரே குரலில் சொன்னது அதைத்தானே?

"டாக்டர் சொன்னாரா?"

"ஆமா தாயி."

"அப்ப போங்க. செருப்பை இங்க விடுங்க. கையை இதுல கழுவுங்க. இந்த அங்கியைப் போட்டுக்குங்க. அழாம பேசணும், தெரியுதா?" கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்து ஒரு கணவன். "டாக்டர் சொன்னாரு..." "போங்க." அடுத்து ஒரு மகள். "போம்மா, கையைக் கழுவிட்டுப் போ." ஒரு படுக்கைக்கு ஒருத்தர், அதில் மட்டும் அவள் கறாராக இருந்தாள். கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவைத்தாள். உள்ளே இருந்து பெரிய நர்ஸம்மா தலையை நீட்டினாள்.

"நந்தியக்கா, என்ன இது, கல்யாண வீடு மாதிரி?"

"டாக்டர் சொன்னாராம்."

நர்ஸம்மா ஒரு நொடி அவளையே பார்த்தாள். காலையில் மேனேஜர் அறையில் நடந்தது அதற்குள் மாடி முழுக்கத் தெரிந்துபோயிருந்தது. "சத்தம் போடாம இருந்தா எனக்கொண்ணும் இல்ல. ஏழாம் நம்பர் ஆளு ரெண்டு நாளா திறக்காத வாயைத் திறந்து அம்மாகிட்ட தண்ணி கேக்கறான்" என்று சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் பார்வையிட வந்தபோது உள்ளே கட்டிலுக்குக் கட்டில் ஆள் இருந்தது. கதவருகிலேயே நின்றுவிட்டார். இளைய டாக்டர்கள் அவர் முதுகில் மோதிக்கொண்டு நின்றார்கள்.

"என்னம்மா இது?"

"நீங்க சொன்னதா சொன்னாங்க சார்" என்றாள் நந்தி. எழுந்து நின்றுதான் சொன்னாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஏழாம் நம்பர் கிழவி அவரைப் பார்த்துவிட்டாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்னதாலதான் தம்பி எம்புள்ளையப் பாத்தேன். நீ நூறு வருஷம் இருக்கணும்."

டாக்டர் சிரித்தார். பழக்கமான சிரிப்பு. "பாருங்கம்மா, பாருங்க, நல்லா பாருங்க." சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்து, "நர்ஸ், இவங்களையெல்லாம் வெளிய அனுப்புங்க" என்றார் மெல்ல.

"கையில ஊசி இருக்கு சார்" என்றாள் நர்ஸம்மா, நிமிராமல். "நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

டாக்டர் இளையவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஆளுக்கொரு காகிதத்தைப் படித்தார்கள். வாசலைப் பார்த்தார். நந்தி கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"எல்லாரும்... கொஞ்சம் வெளிய இருங்க."

"நீதானே தம்பி வரச் சொன்னே?"

"சொன்னேன். இப்ப முடியாதும்மா."

"இன்னும் ரெண்டு வாய் தண்ணி கொடுத்துட்டு..."

"முடியாதுன்னு சொல்றேன்ல?"

குரல் உடைந்து, கொஞ்சம் கீச்சென்று வந்தது. கிழவி அவர் கையை விட்டாள். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நந்தி அங்கிகளை வாங்கி வாங்கி அழுக்குக் கூடையில் போட்டாள். கிழவிக்குச் செருப்பு அகப்படவில்லை. தேடி எடுத்துக் காலருகில் வைத்தாள்.

கிழவி ஒரு கையால் அவள் தோளைப் பற்றிக்கொண்டு செருப்புக்குள் காலை நுழைத்தாள். மூடிய கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் தாயி, அந்தத் தம்பி எப்பவும் இப்படித்தான் வெடுக்குன்னு பேசுமா?"

"தெரியலைம்மா" என்றாள் அவள். "இன்னிக்குத்தான் பேசிக் கேக்கறேன்."